இல்லை என்று வந்த ரிப்போர்ட்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். டாக்டர் மல்லிகா, நான், தேவா, தேவாவின் அம்மா சகுந்தலா. தாய்மாமன் ஆறுமுகம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் தேவாவின் அப்பா. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். இன்னொருவர் பனமலைப் பெண். பதினெட்டு நாளில் தேவாவுக்கு மனைவியாக வேண்டியவர். அன்று பேசியதெல்லாம் அவருடைய வாழ்க்கையைப் பற்றியும்தான். ஆனால் அவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

தேவா என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. "பேரையும் ஊரையும் மாத்திட்டு எழுதுங்க சார், நாலு பேருக்கு ஆவும்" என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன். ஊர் தொண்டூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவன். சிரிக்காதீர்கள். செஞ்சியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சின்ன மருத்துவ நிலையத்தில் பத்து வருடம் பாலியல் நல ஆலோசகராக இருந்தேன். போன மாதம் அதை மூடிவிட்டார்கள். இனிமேல் ஆலோசனை எல்லாம் விழுப்புரத்திலிருந்து போனிலேயே. அந்த வேலைக்கு வந்திருக்கும் பெண் கவிதா என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் ஆப்லயே வரிசையா வருது. மொதல்ல எதக் கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சமூகப் பணி படித்தேன், பன்னிரண்டு நாள் பயிற்சி, சான்றிதழ், புரட்டிப் புரட்டிக் காட்டுகிற ஒரு பெரிய படப் புத்தகம். வேலை கிடைத்ததை அப்பாவிடம் சொன்ன அன்று நைனா கரும்பு வெட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா வேலைடா?"

"பேசற வேலை நைனா."

"யார்கிட்ட?"

"வர்றவங்ககிட்ட."

"இன்னா பேசுவ?"

அவரிடம் அந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒடம்பப் பத்தி, மனசப் பத்தி" என்றேன்.

"பேசறதுக்கு சம்பளம் தர்றாங்கன்னா வாங்கிக்க" என்றார். துண்டில் கை துடைத்தபடியே, "ஆனா நீ ரொம்பப் பேசுவ. பாத்துக்க" என்றார்.

அறை ரொம்பச் சின்னது. கதவில் பச்சைத் திரை. வேறெங்கும் ஆலோசகருக்கும் வந்தவருக்கும் நடுவில் மேசை இருக்கும். எங்கள் அறையில் மேசை சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. வருகிறவரின் நாற்காலி ஜன்னலைப் பார்த்திருக்கும். ஜன்னலில் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையில் ஒரு துண்டு தெரியும். அந்த நாற்காலியை அப்படிப் போட்டது டாக்டர் மல்லிகா. நான் சேர்ந்த முதல் நாள், நாகரிகமாக இருக்கட்டும் என்று மேசையை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, தானே மேசையைத் தள்ளி பழைய இடத்தில் வைத்தார்.

"யாரும் மொகத்தப் பாத்து இதெல்லாம் சொல்ல மாட்டாங்கப்பா. அவங்க மலையப் பாக்கட்டும். நீ தரையப் பாரு."

உண்மைதான். பத்து வருடத்தில் எத்தனையோ பேர் தங்கள் படுக்கையின் கதையை அந்த மலையிடம்தான் சொன்னார்கள்.

டாக்டருக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். வாரத்தில் மூன்று நாள் வருவார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பேனாவைத் தொடமாட்டார். பேசி முடித்தவுடன் பதில் சொல்லவும் மாட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார், மாட்டிக்கொள்வார், பிறகு "வேற?" என்பார். அவ்வளவுதான். முதலில் சொன்னது ஒன்றாக இருக்கும், அந்த 'வேற'வுக்குப் பிறகு வருவது இன்னொன்றாக இருக்கும். தலைவலி என்று வந்த பெண் ஒருத்தி, மூன்றாவது 'வேற'வுக்குப் பிறகு கேட்டாள்: "வூட்டுக்காரர் கிட்ட வந்தா எனக்கு வேணாம்னு இருக்குது. அது நோயா டாக்டர்?" அந்தக் கேள்வியை அவள் பதினாறு வருடமாக வைத்திருந்தாளாம்.

என்னால் அப்படி இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்ற வேகம். எங்களிடம் வந்த ஆண்களில் பெரும்பாலோர் கல்யாணத்துக்கு முந்தைய பயத்தோடு வருவார்கள். கைப்பழக்கத்தால் நரம்பு போய்விட்டது, தூக்கத்தில் வெளியேறுகிறது, அளவு போதாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் மாதம் ஒரு நாள் ரூம் போட்டு உட்காரும் ஒரு வைத்தியரிடம் லேகியத்துக்குப் பணம் கொட்டிவிட்டு வருவார்கள். அவர்களுக்கெல்லாம் என்னிடம் மருந்து இருந்தது: படப் புத்தகத்தின் ஏழாம் பக்கம், 'இதெல்லாம் இயல்புதான், நோயில்லை' என்று சொல்வது. அதைத் திறந்து இருபது நிமிடம் பேசினால் முகம் தெளிந்து போவார்கள். நானும் தெளிந்துவிடுவேன். படித்த படிப்பு வீண் போகவில்லை என்று இருக்கும்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம், பொங்கல் முடிந்த வாரம், தேவா முதல் முறையாக வந்தார். இருபத்தேழு வயது, என்னைவிட ஒரு வயது மூத்தவர். பைக் ஷோரூம் சட்டை, பையில் இரண்டு பேனா. உட்கார்ந்து மலையைப் பார்த்தார்.

"சார், வூட்ல பொண்ணு பாத்துட்டு வந்துட்டாங்க. எனக்கு பயமா இருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஏழாம் பக்கத்தைத் திறந்துவிட்டேன்.

அவர் ஒருமுறை, "இல்ல சார், அது வந்து..." என்றார். "வெக்கப்படாதீங்க, எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று நான் தொடர்ந்தேன். மலையிலிருந்து கண்ணை எடுத்து என் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கடைசியில், "கல்யாணம் ஆனா எல்லாம் தானா சரியாப் போயிடும்" என்றேன். "தேங்க்ஸ் சார்" என்று எழுந்து போனார். நோட்டில் எழுதினேன்: திருமண பயம், ஆலோசனை வழங்கப்பட்டது.

சாயங்காலம் டாக்டர் நோட்டைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"வேற?"

"அவ்ளோதான் மேடம்."

"அவரு எவ்ளோ நேரம் பேசினாரு?"

யோசித்தேன். "ஒரு நிமிஷம் இருக்கும்."

"நீ?"

அவர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதன் பிறகு நிச்சயதார்த்தம் நடந்தது, மண்டபம் பேசினார்கள், பத்திரிகை அடித்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தேவா எங்கள் பச்சைத் திரைக்குள் நுழைந்ததைப் பனமலைக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். எங்கள் நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு என்பது ஊருக்கே தெரியும். திரைக்குப் பின்னால் போனாலே 'அது'தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெண்ணின் அப்பா கோபமாகப் பேசவில்லை, ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்: ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க.

அப்படித்தான் மாமா ஆறுமுகம் முன்னால் நடக்க, தேவாவும் அம்மாவும் பின்னால் வந்தார்கள்.

"சார், பையன் பத்தரமாத்துத் தங்கம். ஒரு பீடி கெடையாது, பிராந்தி கெடையாது, ஒரு பொண்ண ஏறெடுத்துப் பாத்தது கெடையாது" என்றார் மாமா. "இல்லன்னு ஒரு சீல் வெச்சிக் குடுத்துடுங்க, நாங்க பாட்டுக்குப் போயிக்கினே இருப்போம்."

"இவன் ஏம்பா இங்க வந்தான், அத மட்டும் சொல்லு" என்று அம்மா என்னிடம் கேட்டார். நான் தேவாவைப் பார்த்தேன். "தலவலின்னு வந்தேம்மா" என்றார் அவர்.

பரிசோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் தனியாகப் பேச வேண்டும். சம்மதக் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். ரத்தம் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து முடிவு வரும். அதை அவரிடம் மட்டும், தனியாக, உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும். கூட வந்தவர் தாயானாலும் வெளியேதான். மாமா சண்டை போட்டார். டாக்டர் அவரைப் பார்த்து, "ரத்தம் யாருதுங்க?" என்று மட்டும் கேட்டார். மாமா வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிவு வந்தது. நானும் தேவாவும் மட்டும் அறையில்.

"உங்களுக்கு எச்.ஐ.வி. இல்ல தேவா."

இந்த வார்த்தையைக் கேட்டவுடன் சிலர் கும்பிடுவார்கள், சிலர் சத்தமாகச் சிரிப்பார்கள், ஒரு லாரி டிரைவர் என்னைத் தூக்கியே விட்டார். தேவாவின் முகம் விழுந்துபோனது. அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நல்லாப் பாத்தாங்களா சார்?"

"பாத்தாச்சு."

"இன்னொரு தபா பாப்பாங்களா?"

"சந்தேகப்படற மாதிரி ஏதாவது நடந்திருக்குதா?"

"இல்ல சார். ஒண்ணுமே நடக்கல." மலையைப் பார்த்தார். வெளியே மாமா யாரிடமோ போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். தேவா குரலைத் தாழ்த்தினார். "சார், இருக்குதுன்னு எழுதித் தர முடியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"இருக்குதுன்னு எழுதினா கல்யாணம் நின்னுடும். என்னெ ஒதுக்கி வெப்பாங்க, வெக்கட்டும். ஆனா ஏன்னு கேக்க மாட்டாங்க சார்."

பொய் அறிக்கை குற்றம் என்பதற்கு என்னிடம் ஒரு பக்கம் இருந்தது. நோய் இருப்பவர்களின் வாழ்க்கை பற்றி இன்னொரு பக்கம். வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடினேன். தரையைப் பார்த்தேன். ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. பிறகு, என் வாழ்க்கையில் முதல் முறையாக, "வேற?" என்றேன்.

தேவா பேச ஆரம்பித்தார்.

"ஸ்கூல்ல பசங்கல்லாம் பொண்ணுங்களப் பத்திப் பேசிச் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். எப்ப சிரிக்கணும்னு அவனுங்க மொகத்தப் பாத்துப் பாத்து சிரிப்பேன் சார். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். பொண்ணுங்க மேல எனக்கு ஆச வந்ததே இல்ல. வந்தது வேற பக்கம். அத யார்கிட்டயும் சொன்னதில்ல, ஒண்ணும் செஞ்சதும் இல்ல. அந்த லாட்ஜ் டாக்டருகிட்ட நாலு மாசம் மருந்து சாப்ட்டேன். அப்பவும் மாறல. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் அன்னைக்கு வந்தேன்." சுவரோர மேசையிலிருந்த படப் புத்தகத்தைப் பார்த்தார். "நீங்க நல்லாதான் சொன்னீங்க சார். எனக்குத்தான் சொல்ல வர்ல."

அந்த 'நல்லாதான் சொன்னீங்க' இன்னும் என் காதில் இருக்கிறது.

அவருடைய சம்மதத்தோடு டாக்டரை அழைத்தேன். டாக்டர் வந்து உட்கார்ந்து முழுவதையும் இன்னொரு முறை கேட்டார். தேவா கேட்க நினைத்து வந்ததைக் கேட்டார்.

"டாக்டர், அப்ப நா போவப்போவ பொம்பளையா மாறிடுவேனா? பஸ் ஸ்டாண்டுல திருநங்கைங்க நிக்கறாங்களே, அவங்க மாதிரி?"

"உன்ன நீ எப்பவாவது பொம்பளையா நெனச்சிருக்கியா?"

"இல்ல டாக்டர்."

"அவங்க நெனச்சிருக்காங்க. சின்ன வயசுலேர்ந்து உள்ளுக்குள்ள தாங்க பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியும். அது, நாம யாருங்கற விஷயம். உன்னோடது, மனசு யார் மேல போவுதுங்கற விஷயம். நீ ஆம்பளை. உன் மனசு ஆம்பளை மேல போவுது. ரெண்டும் வேற வேற. ரெண்டுமே சீக்கு இல்ல."

"ஊசி கீசி போட்டா...?"

"சீக்குக்குத்தான் ஊசி. இதுக்கு மருந்து இருக்குன்னு எவன் சொன்னாலும் காசு குடுக்காத."

"அப்ப எனக்கு இன்னா பேரு டாக்டர்?"

"தேவா" என்றார் டாக்டர். "வேற பேரு வேணும்னா மெதுவா நீயே பாத்து வெச்சுக்க. நாங்க வெக்க மாட்டோம்."

தேவா லேசாகச் சிரித்தார். யார் முகத்தையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிறகு டாக்டர் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். "வீட்டுல எவ்ளோ சொல்றது, சொல்லாம இருக்கறது, எல்லாம் உன் இஷ்டம். வேணாம்னு மட்டும் சொல்லிட்டுக்கூட நிக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு இங்க இல்ல. இருந்தா என்னா கேப்பா?"

தேவா அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி சொன்னார்: "என்னெ ஏன்யா இதுல இழுத்தன்னு கேப்பா."

அம்மாவிடம் மட்டும் சொல்கிறேன், நீங்களும் கூட இருங்கள் என்றார். அம்மாவையும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த மாமாவையும் கூப்பிட்டோம். தேவா ரிப்போர்ட்டை மாமா கையில் கொடுத்தார். மாமா அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார். "நா சொல்லல?" என்று எல்லோருக்கும் டீ வாங்கவும் சம்பந்திக்கு போன் போடவும் ஓடினார். அப்போதுதான் அறையில் நாங்கள் நான்கு பேர்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா."

"பயமாடா? எல்லாருக்கும் இருக்கறதுதான். கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்."

என் ஏழாம் பக்கத்தை அந்தம்மா வாயால் கேட்டேன். கூசிப்போனேன்.

"பயமில்ல. எனக்குப் பொண்ணுங்க மேல ஆச வர்லம்மா. இனியும் வராது. எனக்கு ஆம்பளைங்க மேலதான்..."

சகுந்தலா அம்மா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு டாக்டரை. அழவில்லை. "யார்னா செய்வினை எதுனா வெச்சிட்டாங்களா?" என்றார். பிறகு, "அவங்க அப்பன் இல்லாம நா ஒண்டியா வளத்தனே, அதனாலயா?"

"இல்லம்மா. யாரு வளத்ததுனாலயும் இல்ல, வளக்காததுனாலயும் இல்ல" என்றார் டாக்டர்.

"ஒரு பொண்ணக் கட்டிவெச்சா மாறிடாதா?"

"மாறாது."

"புள்ளையாவது பொறக்குமா?"

"பொறக்கலாம். ஆனா..."

அந்தம்மா கையைக் காட்டி டாக்டரை நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். எல்லோரையும் போல அவரும் அந்த மலையைத்தான் பார்த்தார்.

"உங்க நைனா பெங்களூரு போறதுக்கு முன்னாடி, நீ பொறந்தப்பறம் ஆறு வருசம் நம்ம வூட்லதான் இருந்தாரு" என்றார், தேவாவைத் திரும்பிப் பார்க்காமல். "ஒரு நா என் பக்கம் திரும்பிப் படுத்ததில்ல. நம்மகிட்ட இன்னா கொறன்னு கண்ணாடில மொகத்தப் பாப்பேன். தெனமும் பாப்பேன். ஒரு நா அத எடுத்து அடிச்சி ஒடச்சிட்டேன். நீதான் ஒடச்சன்னு சொல்லி உன்ன அடிச்சேன். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"நீ ஒடைக்கலடா."

"தெரியும்மா."

சகுந்தலா அம்மா ஜன்னலிலிருந்து திரும்பி மகனைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணும் கண்ணாடி பாக்கும்" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஆலோசனை எதுவும் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

மாமா டீ டம்ளர்களோடு திரையை விலக்கி வந்தார். "சம்பந்திக்கு ஒரே சந்தோசம்க்கா!"

"ஆறுமுகம், டீயக் குடி. குடிச்சிட்டுப் பனமலைக்கு வண்டிய எடு."

"எதுக்குக்கா? போன்லயே சொல்லிட்டனே?"

"நேர்ல சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குது."

பனமலையில் அவர் மகனுடைய விஷயத்தைச் சொல்லவில்லை. "எம் மவனக் கேக்காம நாந்தான் முடிவு பண்ணிட்டேன். தப்பு எங்களுது, உங்க செலவும் எங்களுது" என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். திட்டுகளை முழுவதும் நின்று வாங்கியிருக்கிறார். பெண்ணிடம் மட்டும் தேவா போனில் உண்மையைச் சொன்னார். அந்தப் பெண், "இத மொதல்லியே சொல்லியிருந்தா என் பி.எட். சீட்ட வுட்டிருக்க மாட்டனே" என்றாராம். போனை வைக்கும்போது, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?" என்றாராம்.

எல்லாம் இனிதாக முடிந்தது என்று எழுதினால் பொய். மாமா நான்கு வருடம் தேவாவோடு பேசவில்லை. தேவா ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார். அங்கே ஒரு நண்பரோடு இருக்கிறார். அம்மா இன்னமும் ஆண்டுக்கு ஒருமுறை, "எதுனா மாறிச்சாடா?" என்று கேட்பாராம். "இல்லம்மா" என்றால், "சரி, சாப்புடு" என்பாராம். டாக்டர் மல்லிகா ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். நான் அந்த அறையில் மேலும் எட்டு வருடம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் பக்கம் தேவைப்பட்டவர்களுக்கு அதையும் காட்டினேன், கடைசியில்.

போன மாதம் நிலையத்தை மூடிய அன்று, சகுந்தலா அம்மா ஒரு பை நிறைய வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, கொண்டுவந்து கொடுத்தார். பச்சைத் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மடிக்க ஒரு கை கொடுத்தார். பல வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"தேவா மொதல் தபா எங்கிட்ட வந்தப்ப, கல்யாணத்துக்குச் செலவு எதுனா ஆயிருந்துதாம்மா?"

"அப்ப இன்னா செலவு தம்பி? பொண்ணு பாக்கப் போனப்ப பூவும் பழமும் வாங்கினோம். அத்தோட சரி."

"அதுக்கப்பறம்?"

மண்டபத்து அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. பத்திரிகை, புடவை, அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தச் செலவு. அடுத்த வருடம் அந்தப் பெண்ணுக்கு பி.எட். பீஸும் இவர்தான் கட்டினாராம், இரண்டு கறவை மாட்டையும் விற்று. மொத்தம் எவ்வளவு என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. திரையின் ஓரத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

கவிதா, முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று கேட்டாயே. எதையும் கேட்காதே, கொஞ்ச நேரம் சும்மா இரு. நான் இருக்கவில்லை. இருபது நிமிடம் நன்றாகத்தான் பேசினேன். அதற்கு அந்தம்மா கொடுத்தது எழுபத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய்.